மாமிக்குப் பதினைந்து, தூணுக்காரிக்கு முப்பது

கம்பவுண்டர் பரீட்சையில் முதல் தடவை நான் தோற்றது படிக்காததால் அல்ல. இதை அன்றைக்கும் சொன்னேன், யாரும் நம்பவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன்.

எழுத்துப் பரீட்சை நன்றாகவே எழுதியிருந்தேன். மறுநாள் வாய்ப்பரீட்சை. ஒரு நீள மேஜை, அதன்மேல் பெயர்ச்சீட்டு இல்லாத மருந்துப் புட்டிகள், மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் ஒரு புட்டியை என் பக்கமாக நகர்த்தி, இது என்ன, வயதுவந்தவர்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டார். முகர்ந்து பார்த்தேன். என்ன மருந்து என்று தெரிந்தது. எவ்வளவு என்பதும் தெரியும். வாயைத் திறந்தால் நாக்கு எழும்பவில்லை. அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த புட்டியை நகர்த்தினார். அதற்கும் அதே கதி. மூன்றாவது புட்டி வரும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். அழுகிறவள் கையில் விஷ அலமாரிச் சாவியை எப்படிக் கொடுப்பது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நியாயம்தான். ஆனாலும் அந்த நடு டாக்டரை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, எங்கள் தாலுகாக்கள் இன்னும் சென்னையோடு சேராமல் இருந்த காலம் அது. பரீட்சை என்றால் திருவனந்தபுரம்தான். எங்கள் வீடு அருமனையிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்தது. நான் வேலை பார்த்தது பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். முதலில் கட்டுத்துணி அவிக்கும் கொட்டகையில் போட்டார்கள். சீழும் ரத்தமும் காய்ந்த துணிகளைப் பெரிய கிடாரத்தில் போட்டு வேகவைத்து அலசிக் காயப்போடுகிற வேலை. எவ்வளவு குளித்தாலும் அந்த நாற்றம் தலைமுடியை விட்டுப் போகாது. அங்கிருந்து மருந்தறைக்கு வந்தபோது நான் பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? புட்டி கழுவுவேன், புட்டியின் பக்கவாட்டில் வேளைக்கு இவ்வளவு என்று காட்டுகிற காகிதத்தை வெட்டி ஒட்டுவேன். மருந்தை அளந்து ஊற்றுவது மட்டும் பெரிய கம்பவுண்டர். லைசென்ஸ் இல்லாதவர்கள் அளவுக்குவளையைத் தொடக்கூடாது.

தோற்றுத் திரும்பியபோது எங்கள் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரைசாணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இன்னும் ஒரு தடவைதான் அனுப்ப முடியும், அதிலும் தவறினால் மருந்தறை இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுக்கவேண்டியிருக்கும், உனக்குப் பழைய வேலை இருக்கவே இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். பழைய வேலை என்றால் கிடாரம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தலைமுடியை முகர்ந்து பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஆர்மோனியம் வாசித்துப் பாட்டு நடத்துவார். எங்கள் ஜனத்துக்கு மனப்பாடம் என்றால் மெட்டுதான். வேதாகமத்தின் அறுபத்தாறு புத்தகங்களின் பெயரையும் ஓய்வுநாள் பள்ளியில் மெட்டுப்போட்டுத்தான் படித்தோம். வாய்ப்பாடும் அப்படியே. ஆகவே அவர் யோசித்துக் கண்டுபிடித்த வழி எனக்கு அதிசயமாகப் படவில்லை. "நீ பேசுதப்பதான் நாக்கு ஒட்டுது. பாடுதப்ப ஒரு நாளும் ஒட்டினதில்ல. எல்லா மருந்தையும் பாட்டாக்கிருவோம்" என்றார்.

ஆக்கினார். அஜீரண மருந்துகளுக்கு ஒரு கீர்த்தனை, இருமல் மருந்துகளுக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று. விஷ மருந்துகளுக்கு மட்டும் எங்கள் கோயிலில் எல்லோருக்கும் பிடித்த, கொஞ்சம் சோகமான ஒரு மெட்டை எடுத்தார். ஒரு மருந்துக்கு ஒரு சரணம். டிஞ்சர் டிஜிட்டாலிஸ் மூன்றாம் சரணம்: ஐந்து முதல் பதினைந்து மினிம். மினிம் என்றால் ஒரு துளி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஞ்சர் நக்ஸ்வாமிகா, அதாவது எட்டிக்கொட்டைச் சாறு, நான்காம் சரணம்: பத்து முதல் முப்பது. பாடிப் பார்த்தால் அருவி மாதிரிக் கொட்டியது. அரிசி களையும்போது பாடினேன், பஸ்ஸுக்கு நடக்கும்போது பாடினேன். இந்தத் தடவை அந்த டாக்டர்கள் என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

மாமிக்கு மட்டும் இது அடியோடு பிடிக்கவில்லை. மாமி என் வீட்டுக்காரரின் அம்மா. நெஞ்சுப் படபடப்புக்காரி. ஆஸ்பத்திரியில் கலந்து கொடுக்கிற மருந்தை, நான் ஒட்டின காகிதத்தின் அளவு பார்த்துக் காலையும் மாலையும் குடித்துக்கொண்டிருந்தார். அதில் இருந்ததே அந்த டிஜிட்டாலிஸ்தான்.

"ஆண்டவருக்க பாட்டுல வெசத்தப் பாடுதியே, ஏட்டி, உனக்க நாக்கு அழுவிப் போவாதா?"

"வெசமில்ல மாமி. மருந்து."

"மருந்துன்னா மருந்துக் கடையில வச்சுப் பாடு. எனக்க அடுக்களையில பாடாத."

அடுக்களையில் பாடாமல் கிணற்றடியில் பாடினேன். மாமியை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படி. வெளியில் வாயாடி என்று பெயரெடுத்தவள்தான், அந்த வீட்டுக்குள் மட்டும் பூனை.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்த மெட்டே வந்தது. எங்கள் கோயிலில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம், எல்லோரும் தரையில் பாய் விரித்துத்தான் உட்காருவோம். மாமி காற்றுக்காகப் பக்கவாசல் ஓரத்தில் இருப்பார், நான் அவருக்கு அடுத்தாற்போல. சபை எழுந்து நின்று பாட ஆரம்பித்தது. வாய் கீர்த்தனையைப் பாடுகிறது, மனசு தன்பாட்டில் மருந்தைப் பாடுகிறது. முதல் சரணம் சரி. இரண்டு சரி. மூன்றாவதில் டிஜிட்டாலிஸ் வந்தது, பத்து முதல் முப்பது என்று ஓடி முடிந்தது. அதற்குள் சபை நாலாம் சரணத்துக்குப் போய்விட்டது. நான் நின்றுவிட்டேன்.

பத்து முதல் முப்பதா? ஐந்து முதல் பதினைந்தா?

பாட்டு முடிந்து உட்கார்ந்தோம். பிரசங்கம் ஆரம்பித்தது. எங்கள் போதகர் ஒரு வசனத்தை எடுத்தால் நார் நாராகக் கிழித்துவிட்டுத்தான் வைப்பார். புத்தகம் வீட்டில். நான் மனசுக்குள் திரும்பத் திரும்ப முதல் சரணத்திலிருந்து பாடிப் பார்த்தேன். ஒரு தடவை இப்படி வருகிறது, அடுத்த தடவை அப்படி வருகிறது. இரண்டும் மெட்டில் அச்சாகப் பொருந்துகிறது. சரணங்களுக்கெல்லாம் ஒரே மெட்டுதானே, எந்த அளவை எந்த மருந்தோடு சேர்த்தாலும் பாட்டு தட்டாமல் போகிறது. பொய்யையும் மெய்யையும் அது ஒரே இனிமையாகப் பாடியது. பக்கத்தில் மாமி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் அளந்து ஊற்றுவது நான் இல்லை, பெரிய கம்பவுண்டர்தான். மாமியின் புட்டிக்கு ஒரு பழுதும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. நாளைக்கு லைசென்ஸ் வாங்கி நானே ஊற்றினால்?

ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் மாமியைக்கூட விட்டுவிட்டு ஓடினேன். புத்தகத்தைத் திறந்தேன். டிஜிட்டாலிஸ், ஐந்து முதல் பதினைந்து. வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்ததும் சரியாகத்தான் இருந்தது. பிசகியது என் நாக்கு. சரி, திருத்திக்கொள்ளலாம் என்று சரியாகப் பத்துத் தடவை பாடினேன். பதினோராவது தடவை மறுபடியும் முப்பது வந்தது.

அந்த வாரம் முழுவதும் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. டிஜிட்டாலிஸை வேறு மெட்டுக்கு மாற்றிப் பார்த்தோம். பாதியில் பழைய மெட்டு வந்து இழுத்துக்கொண்டு போனது. மனப்பாடம் செய்ய ஆயிரம் வழி சொல்லித் தருகிறார்கள், மனப்பாடம் ஆனதை மறக்க ஒரு வழியும் யாரும் சொல்வதில்லை. போதாக்குறைக்கு இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். வீட்டுக்காரர் புத்தகத்தை வைத்துக்கொண்டு, நடுவிலிருந்து ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி அளவு கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. பல்லவியிலிருந்து ஆரம்பித்து வந்தால்தான் அந்த மருந்து வந்தது. பரீட்சையில் டாக்டர்கள் பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் காத்துக்கொண்டா இருப்பார்கள்?

"கேட்டியளா, உங்களுக்க பாட்டுதான் என்னைக் கெடுத்துது" என்று கத்தினேன். "பேசாம இருந்தா அழுதுட்டாவது வந்திருப்பேன். இப்ப தப்பு மருந்த ராகத்தோட சொல்லிட்டு வரப் போறேன்."

அவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆர்மோனியத்தின் மேல் துணியை இழுத்துப் போட்டார். எனக்காக அவ்வளவு பாடுபட்ட மனுஷன். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, ஆனால் கோபமும் இறங்கவில்லை. கிடாரத்தின் நாற்றம் மூக்கிலேயே நின்றது.

வழி கிடைத்தது மாதர் சங்கக் கூட்டத்தில். புதன்கிழமை பெண்கள் மட்டும் கூடுவோம். போதகரம்மா உள்ளே வந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு யாரெல்லாம் வரல்ல?" என்று பொதுவாகக் கேட்டார். நான் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தேன். "முன்பாயில ரெண்டாமத்தவ வரல்ல, ஜன்னல் பக்கத்து அக்கா வரல்ல, கைக்குழந்தைக்காரி வரல்ல" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. முதல் பாயிலிருந்து எண்ணிக்கொண்டு வரவில்லை, எந்த மெட்டும் பாடவில்லை. எங்கள் கோயிலில் பெண்கள் இடம் மாறி உட்காருவதே கிடையாது. தாய் இருந்த இடத்தில் மகள் இருப்பாள், மாமியார் இருந்த இடத்தில் மருமகள் இருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு எந்த மூலையைக் கேட்டாலும் அங்கே யார் என்று சொல்வேன். நடுவிலிருந்து கேட்டாலும் சொல்வேன்.

அன்றைக்கு ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே மருந்துகளைப் பாயில் உட்கார வைக்க ஆரம்பித்தேன். ஆண்டவர் மன்னிக்கட்டும். பிரசங்கம் தொடங்கினதும் தலை தொங்கிப்போகிற அக்காளுக்கு அபினி டிஞ்சர். பாதி ஆராதனையில் எழுந்து வெளியே போய்வருகிறவளுக்கு விளக்கெண்ணெய். எப்போதும் தொண்டை வறண்டு செருமுகிறவளுக்கு பெல்லடோனா, அது வாயை உலர வைக்கும். எட்டிக்கொட்டை யாருக்கு என்று யோசிக்கவே வேண்டியதில்லை. நடுத்தூணில் சாய்ந்து உட்காருகிற ஒரு அம்மா இருந்தாள். நாக்கில் தேனைத் தடவினாலும் கசப்பாகத்தான் பேசுவாள். எங்கள் வீட்டுக்கு அடுத்த விளைக்காரி, பக்கத்துத் தோட்டம் அவளுடையது. எல்லையில் நிற்கிற பலாமரம் யாருடையது என்று மாமிக்கும் அவளுக்கும் நெடுங்காலச் சண்டை. வீட்டில் அவளுக்குப் பெயரே தூணுக்காரி. அவளுக்கு நக்ஸ்வாமிகா, பத்து முதல் முப்பது. டிஜிட்டாலிஸ் பக்கவாசல் ஓரத்தில், மாமியின் இடத்தில். ஐந்து முதல் பதினைந்து.

வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர், "அப்பம் ஆண்கள் பக்கம் சும்மாத்தானே கெடக்கு, காய்ச்சல் மருந்த அங்க இருத்து" என்றார். கோபம் தீர்ந்ததற்கு அது அடையாளம். ஆர்மோனியத்துக்கு முன்னால் அவருக்கே கொய்னாவைக் கொடுத்தேன்.

இதில் நான் எதிர்பாராதது மாமி. பாட்டை வெறுத்தவர் இதைக் கேட்டதும் அடுக்களையிலிருந்து எழும்பி வந்துவிட்டார். பிறகு தினமும் அவரே கேள்வி கேட்டார். எழுத்து தெரியாது, மருந்தின் பெயர் ஒன்றும் வாயில் வராது. அதற்கென்ன, ஆட்களைத் தெரியுமே.

"உறங்குதவளுக்கு எவ்வளவு?"

"அஞ்சு முதல் முப்பது, மாமி."

"பேதி போறவளுக்கு?"

எல்லாம் ஊர்வம்பு பேசுகிற ருசியோடுதான். சில நாள் சிரித்துச் சிரித்து அவருக்கு மூச்சே வாங்கும். ஒரு நாள் சாவகாசமாக, "ஆமா, நான் என்ன மருந்துட்டி?" என்றார். சொன்னேன். அவர் குடிக்கிற மருந்தேதான் என்றதும் அவருக்குத் திருப்தி. அளவைக் கேட்டார். ஐந்து முதல் பதினைந்து என்றேன். "தூணுக்காரிக்கு?" என்றார். பத்து முதல் முப்பது.

மாமியின் முகம் மாறிப்போனது.

"அவளுக்கு முப்பது, எனக்குப் பதினஞ்சா?"

"மாமி, உங்களது வீரியம் கூடின மருந்து. கொஞ்சம் போதும். கூடினா நெஞ்சு நின்னு போவும்."

"அதெல்லாம் சாக்கு. அவ என்ன எனக்கு ரெண்டு மடங்கா? பலாமரத்தத்தான் பிடிச்சுகிட்டா. மருந்திலயுமா?"

அன்றிலிருந்து தினமும் இந்த வழக்கு. சோறு தின்னும்போதும், தலை சீவும்போதும், அவளுக்கு முப்பது எனக்குப் பதினஞ்சா என்று ஒரு தடவையாவது கேட்காமல் இருக்கமாட்டார். எனக்குச் சில சமயம் எரிச்சலாக வரும். படிக்க விடமாட்டேன் என்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம் மாமிக்குக் கால் வீங்கியது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே இருந்தார். டாக்டர் துரைசாணி வந்து பார்த்துவிட்டு, மருந்தைத் தொடரட்டும், அசையவிடாதீர்கள் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமி கோயிலுக்கு வரவில்லை. நான் மட்டும் போனேன். போய்ப் பாயில் உட்கார்ந்து பக்கத்தில் பார்த்தால், மாமியின் இடத்தில் தூணுக்காரி.

"இங்க நல்ல காத்து" என்றாள்.

எங்கள் கோயிலில் யாரும் செய்யாத காரியம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. இடத்தைப் பிடித்ததற்காக மட்டுமல்ல. கண்ணை மூடினேன், பக்கவாசல் ஓரத்தில் எட்டிக்கொட்டை உட்கார்ந்திருந்தது. முப்பது. தூணைப் பார்த்தேன்; வெறும் தூண். இத்தனை நாள் பாடுபட்டு விரட்டின அந்தப் பாட்டு, மூன்றாம் சரணத்தில் முப்பதை வைத்துக்கொண்டு, எங்கேயோ மெல்லக் கேட்க ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தே கேட்டு வாங்கிவிட்டார். கோபத்தில் எழும்பி உட்காரப் போனவரை நானும் வீட்டுக்காரரும் பிடித்துச் சாய்த்தோம். எனக்குப் பயமாகிவிட்டது. "நான் பரீட்சைக்குப் போவல்ல மாமி. உங்கள இப்படி விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?" என்றேன். சொல்லும்போதே, போகாவிட்டால் கிடாரம்தான் என்பதும் தெரிந்தது. அழுகை வந்தது.

"போவாம?" என்றார் மாமி. மூச்சு நின்று நின்று வந்தது. "போ. அவளுக்கு முப்பது எனக்குப் பதினஞ்சுன்னு எழுதினவன் எவன்னு பாத்துட்டு வா."

திருவனந்தபுரத்தில் ஒரு மிஷன் விடுதியில் தங்கிப் பரீட்சைக்குப் போனேன். எழுத்துப் பரீட்சை முடிந்து மறுநாள் அதே அறை, அதே நீள மேஜை. நடுவில் அதே டாக்டர். என்னை நினைவிருந்ததோ என்னமோ, பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் புட்டி வந்தது. முகர்ந்தேன். தலை தொங்குகிற அக்காள் தெரிந்தாள், சொன்னேன். நாக்கு எழும்பியது! அடுத்தது விளக்கெண்ணெய், அதை முகரக்கூட வேண்டியதில்லை. அடுத்ததும் சொன்னேன். பக்கத்து டாக்டர் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

பிறகு நடு டாக்டர் பழுப்புநிறப் புட்டி ஒன்றை எடுத்தார். அதைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "இது டிஜிட்டாலிஸ். டோஸ் எத்ர?" என்றார். பெயரை அவரே சொல்லிவிட்டார். அளவு மட்டும் வேண்டும்.

பக்கவாசலைப் பார்த்தேன். தூணுக்காரி உட்கார்ந்திருந்தாள். பத்து முதல் முப்பது. பாட்டும் கூடவே வந்து ஆமாம் என்றது. இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்து சாட்சி சொல்லும்போது யார்தான் நம்பமாட்டார்கள்? வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மனசு எங்கேயோ இடறியது. அந்த இடத்தில் அவள் இருக்கக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. யார் இருக்கவேண்டும், எவ்வளவு என்று கேட்டால் ஒன்றும் இல்லை. வெறும் பாய். டாக்டர் விரலால் மேஜையைத் தட்டினார். போன தடவையும் இப்படித்தான் தட்டினார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது கேட்டது. மூச்சு வாங்குகிற குரலில், சண்டைக்கு வந்த மாதிரி: அவளுக்கு முப்பது, எனக்குப் பதினஞ்சா?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. டாக்டர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"ஐந்து முதல் பதினைந்து மினிம்" என்றேன்.

அவர் உடனே விடவில்லை. ஒரு சீட்டில் ஏதோ எழுதி என் முன்னால் போட்டார். நெஞ்சு நோயாளிக்கு மருந்துச்சீட்டு. டிஜிட்டாலிஸ், வேளைக்கு முப்பது மினிம். கீழே அவருடைய கையெழுத்து. இந்தச் சீட்டு உன் கைக்கு வந்தால் என்ன செய்வாய் என்று மலையாளத்தில் கேட்டார்.

"கொடுக்கமாட்டேன்."

எழுதியிருப்பது டாக்டர் ஆயிற்றே, அதை மாற்ற நீ யார் என்றார். குரலில் அதட்டல் இருந்தது.

"மாற்றமாட்டேன் ஸார். கொடுக்கவும் மாட்டேன். சீட்டைத் திரும்பக் கொண்டுபோய்க் கேட்பேன். இந்த அளவைக் குடித்தால் அவங்க நெஞ்சு நின்றுபோகும்." அவங்க என்று நான் சொன்னது எந்த நோயாளியை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவர் சீட்டை எடுத்துக் கசக்கினார். போகலாம் என்று கையால் காட்டினார். சாயங்காலம் ஒரு குமாஸ்தா வராந்தாவில் நின்று பாஸானவர்களின் எண்களை வாசித்தார். என் எண் இருந்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போதுதான் பயம் பிடித்தது. மாமியை உட்கார்த்திவைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆள் இருக்கிறாரோ இல்லையோ. நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் வேண்டாத நேர்ச்சையெல்லாம் நேர்ந்தேன். இறங்கி ரப்பர் மரங்களுக்கு நடுவே வேகமாக நடந்து வந்தால், எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து தூணுக்காரி வெளியே வருகிறாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறாள்.

அவள் என்னைப் பார்த்ததும் ஒதுங்கிப் போய்விட்டாள். பையை முற்றத்திலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

மாமி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் களை வந்திருந்தது. காலில் வீக்கமும் கொஞ்சம் வடிந்திருந்தது. ஆளனுப்பித் தூணுக்காரியை வரவழைத்து, கோயிலில் தன் இடத்தைப்பற்றி அவளிடம் நாலு வார்த்தை கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் கதவோரத்தில் நின்று, தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி கேட்டார். "என்னைக் கேட்டானுவளா?"

"கேட்டாவ மாமி."

"என்ன சொன்ன?"

"அஞ்சு முதல் பதினஞ்சு."

"தூணுக்காரிய?"

"அவளக் கேக்கவே இல்ல."

மாமி கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். இவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அந்த வீட்டில் பார்த்ததில்லை. பாஸாகிவிட்டேன் என்று அதன்பிறகுதான் சொன்னேன். அது அவருக்கு அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர்தான் ஓடிப்போய் ஆர்மோனியத்தின் துணியை எடுத்தார்.

லைசென்ஸ் வந்த பிறகு மருந்தறையில் என் கையால் முதலில் அளந்து ஊற்றியது மாமியின் மருந்து. பெரிய கம்பவுண்டர் பக்கத்தில் நின்று பார்த்தார். காகிதம் வெட்டி ஒட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து, முதல் வேளையை நானே குவளையில் ஊற்றிக் கொடுத்தேன். மாமி குவளையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இப்ப நீதானே ஊத்துத. இதுக்க மேல கொஞ்சம் கூட்டி விட்டா என்ன? யாரு பாக்கப் போறாவ?"

"கூடாது மாமி."

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவரிடம் நான் சொன்ன முதல் கூடாது. சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. மாமி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, குவளையை என்னிடம் நீட்டினார்.